முடக்குவாத மருந்து உட்கொள்வோரும் தடுப்பூசியும்: எதைப் போடலாம், எதைத் தவிர்க்க வேண்டும்?

முடக்குவாதத்திற்காக நோய் எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகளை உட்கொள்வோர் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாமா என்ற ஐயம், கொரோனா தடுப்பூசித் திட்டம் 2021 ஜனவரி 16 அன்று நாடு முழுவதும் தொடங்கியபோது பரவலாக எழுந்தது. அச்சத்தால் தடுப்பூசியையே தவிர்த்தவர்கள் உண்டு. தாமாகவே மாத்திரையை நிறுத்தி, அடங்கியிருந்த மூட்டுவலி மீண்டும் மூண்டு அவதியுற்றவர்களும் உண்டு. இரண்டுமே தவறான வழிகள்.

பெரும்பாலான தடுப்பூசிகள் இந்நோயாளிகளுக்குப் பாதுகாப்பானவை. மற்றவர்களைவிட அவர்களுக்கே அதிகம் தேவையானவை. கவனிக்க வேண்டியவை இரண்டு மட்டுமே. ஒன்று, அந்தத் தடுப்பூசி உயிருள்ள கிருமியால் ஆனதா என்பது. மற்றொன்று, உட்கொள்ளும் மருந்து எது, அதன் எந்தக் கட்டத்தில் தடுப்பூசி போடப்படுகிறது என்பது.

நோயும் மருந்தும்

உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் அமைப்பு, மூட்டுகளைச் சூழ்ந்துள்ள மென்சவ்வையே பகையாகக் கருதித் தாக்குவதால் ஏற்படுவது முடக்குவாதம். ஹரியானா மாநிலம் பல்லப்கர் பகுதியின் கிராமங்களில் நடத்தப்பட்டு 1993-இல் வெளியான ஆய்வில், வளர்ந்தோரில் 0.75 சதவீதம் பேரிடம் இந்நோய் கண்டறியப்பட்டது. நாட்டின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டால் இது பல லட்சம் குடும்பங்களின் பிரச்சினை.

மெத்தோட்ரெக்சேட், லெஃப்லுனமைடு, ஸ்டீராய்டு வகையைச் சேர்ந்த பிரெட்னிசலோன் ஆகியவை இந்நோய்க்கு வழக்கமாகத் தரப்படுபவை. இவற்றால் கட்டுப்படாதபோது அடாலிமுமாப், எடானெர்செப்ட், இன்ஃப்ளிக்சிமாப், ரிட்டுக்சிமாப், டோசிலிசுமாப் போன்ற உயிரியல் மருந்துகளும், டோஃபாசிட்டினிப், பாரிசிட்டினிப் போன்ற மாத்திரைகளும் தரப்படுகின்றன. தவறான தாக்குதலை அடக்கும் இம்மருந்துகள், கிருமிகளுக்கு எதிரான போரையும் ஓரளவு தளர்த்துகின்றன. நிமோனியா, இன்ஃபுளூயன்சா, அக்கி ஆகியவை இவர்களை எளிதில் பற்றுவதற்கும், பற்றினால் கடுமையாவதற்கும் இதுவே காரணம். நோயே இந்த ஆபத்தைச் சற்று உயர்த்துகிறது என்பதால், மருந்தை விட்டுவிடுவது தீர்வாகாது.

இரு வகைத் தடுப்பூசிகள்

தடுப்பூசிகளை இரு பிரிவாகக் காணலாம். முதல் பிரிவில் இருப்பவை செயலிழக்கச் செய்யப்பட்ட கிருமியையோ, கிருமியின் ஒரு பகுதியையோ, அதன் புரதத்தையோ கொண்டவை. இவை உடலில் பெருக இயலாதவை. நோயை உண்டாக்கவும் இயலாதவை. எனவே எந்த மருந்தை உட்கொண்டாலும் இவற்றால் தொற்று ஏற்படும் என்ற அச்சம் தேவையில்லை. இந்தியாவில் கோடிக்கணக்கானோருக்குப் போடப்பட்ட கோவாக்சின் செயலிழந்த வைரஸைக் கொண்டது. கோவிஷீல்டில் உள்ள அடினோவைரஸ் பெருக இயலாதவாறு மாற்றப்பட்டது. இரண்டும் இப்பிரிவிலேயே வைத்துப் பார்க்கப்படுகின்றன.

இரண்டாம் பிரிவில் இருப்பவை, வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள கிருமியைக் கொண்டவை. ஆரோக்கியமான உடலில் இக்கிருமி சிறிதளவு பெருகி, எதிர்ப்பாற்றலைத் தூண்டிவிட்டு மறைந்துவிடும். எதிர்ப்பாற்றல் தணிக்கப்பட்ட உடலில் அது கட்டுக்கடங்காமல் பெருகி, தடுக்க வந்த நோயையே உண்டாக்கும் வாய்ப்பு உள்ளது.

முதல் பிரிவுத் தடுப்பூசிகளில் பாதுகாப்பு ஒரு சிக்கல் அல்ல. பலன் எவ்வளவு கிடைக்கும் என்பதே கேள்வி. இரண்டாம் பிரிவில் பாதுகாப்பே முதன்மையான கேள்வி.

மெத்தோட்ரெக்சேட்: இரண்டு வார இடைவெளி

முடக்குவாத சிகிச்சையின் அடித்தளமாக விளங்கும் மெத்தோட்ரெக்சேட், தடுப்பூசிக்குப் பின் உருவாகும் ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருளின் அளவைக் குறைக்கிறது. தென்கொரியாவில் 316 முடக்குவாத நோயாளிகளிடம் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், இன்ஃபுளூயன்சா தடுப்பூசி போட்ட பின் 2 வாரங்கள் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தியவர்களில் 75.5 சதவீதம் பேருக்குப் போதிய பலன் கிடைத்தது. நிறுத்தாமல் தொடர்ந்தவர்களில் இது 54.5 சதவீதமாக இருந்தது.

கொரோனா காலத்தில் இதே கேள்விக்கு இந்தியாவிலும் விடை தேடப்பட்டது. கேரள மாநிலம் கொச்சியைச் சேர்ந்த மருத்துவர் குழு கோவிஷீல்டு போட்டுக்கொண்ட நோயாளிகளிடம் நடத்திய சோதனைகளின் முடிவுகள் 2022-இல் வெளியாயின. தடுப்பூசிக்குப் பின் 2 வாரங்கள் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்தியவர்களிடம் எதிர்ப்பொருள் அதிகமாக இருந்தது. எனினும் இரு தவணைக்குப் பின்னும் நிறுத்தியபோது மூட்டு அழற்சி மீண்டும் மூண்டவர்கள் கூடினர். இரண்டாம் தவணைக்குப் பின் மட்டும் நிறுத்தினாலே போதிய பலன் கிடைப்பதாகவும், வலி மூளும் ஆபத்து அதில் குறைவு என்றும் அக்குழு முடிவு கண்டது. பிரிட்டனில் 254 பேரிடம் நடந்த சோதனையும், கூடுதல் தவணைக்குப் பின் 2 வாரங்கள் நிறுத்தியவர்களிடம் எதிர்ப்பொருள் ஏறத்தாழ இரு மடங்காக இருந்ததையும், அதற்கு விலையாகச் சிலருக்கு வலி கூடியதையும் காட்டியது.

அமெரிக்க ருமட்டாலஜி கல்லூரி 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நோய் கட்டுக்குள் இருந்தால் இன்ஃபுளூயன்சா தடுப்பூசிக்குப் பின் 2 வாரங்கள் மெத்தோட்ரெக்சேட்டை நிறுத்திவைக்கலாம் என்கிறது. நிமோனியா, அக்கி போன்ற உயிரற்ற பிற தடுப்பூசிகளுக்கு மருந்தை வழக்கம்போல் தொடரலாம் என்பதே அதன் பரிந்துரை.

இங்கு இரு எச்சரிக்கைகள் முக்கியமானவை. முதலாவதாக, நிறுத்துவது தடுப்பூசிக்குப் பிறகே. அதற்கு முன் அல்ல. நிறுத்தலாமா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் சிகிச்சை அளிக்கும் மருத்துவர். நோய் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு நிறுத்தாமல் தடுப்பூசி போடுவதே நல்லது. குறைந்த பலனும் பலனே. இரண்டாவதாக, மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை மட்டும் உட்கொள்ள வேண்டிய மருந்து. விடுபட்ட வாரங்களின் மாத்திரைகளைச் சேர்த்து ஒரே வாரத்தில் உட்கொள்வது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். இடைவெளி முடிந்ததும் வழக்கமான அளவிலேயே தொடர வேண்டும்.

ரிட்டுக்சிமாப்: நாள் கணக்கு முக்கியம்

தடுப்பூசியின் பலனை மிக அதிகமாகக் குறைப்பது ரிட்டுக்சிமாப். எதிர்ப்பொருளை உருவாக்கும் பரம்பரையைச் சேர்ந்த பி செல்களை இது பல மாதங்களுக்கு அகற்றிவிடுகிறது. ஊசி போட்ட சில வாரங்களிலேயே தடுப்பூசி போட்டால் எதிர்ப்பொருள் ஏறத்தாழ உருவாகாமலே போகலாம்.

வழக்கமாக 6 மாதங்களுக்கு ஒருமுறை இம்மருந்து தரப்படுவதால், அடுத்த தவணை நெருங்கும் நேரமே தடுப்பூசிக்கு ஏற்றது. அடுத்த தவணைக்கான நாள் வந்ததும் முதலில் தடுப்பூசியைப் போட்டு, குறைந்தது 2 வாரங்கள் கழித்து ரிட்டுக்சிமாப் தருவது அமெரிக்க வழிகாட்டுதல் கூறும் முறை. இன்ஃபுளூயன்சா தடுப்பூசிக்கு மட்டும் விலக்கு உண்டு. அது பருவத்தைப் பொறுத்தது என்பதால் காத்திராமல் உரிய காலத்தில் போட்டுவிட வேண்டும். எதிர்ப்பொருள் குறைந்தாலும், டி செல்கள் வழங்கும் பாதுகாப்பு ஓரளவு எஞ்சியிருக்கும்.

மற்ற மருந்துகள்

பிரெட்னிசலோன் நாளொன்றுக்கு 20 மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தால் உயிரற்ற தடுப்பூசிகளைத் தள்ளிப்போடத் தேவையில்லை. அதற்கு மேல் இருந்தால், இன்ஃபுளூயன்சா தவிர மற்றவற்றை அளவு குறையும் வரை ஒத்திவைக்கலாம். அடாலிமுமாப், எடானெர்செப்ட், டோசிலிசுமாப் உள்ளிட்ட உயிரியல் மருந்துகளையும் டோஃபாசிட்டினிப் வகை மாத்திரைகளையும் உயிரற்ற தடுப்பூசிகளுக்காக வழக்கமாக நிறுத்த வேண்டியதில்லை. ஹைட்ராக்சிகுளோரோகுயின், சல்ஃபாசலசின் ஆகியவை எதிர்ப்பாற்றலைக் குறிப்பிடத்தக்க அளவில் குறைப்பதில்லை.

நோய் தீவிரமாக இருக்கும்போதும் உயிரற்ற தடுப்பூசிகளைப் போடலாம். ஊசி போட்ட ஓரிரு நாள்களுக்குக் காய்ச்சல், உடல்வலி, ஊசி போட்ட இடத்தில் வலி ஆகியவை எவருக்கும் வரக்கூடியவையே.

போட்டுக்கொள்ள வேண்டியவை

இன்ஃபுளூயன்சா: ஆண்டுதோறும் ஒருமுறை, ஊசி வடிவில். நாட்டின் பெரும்பகுதியில் இக்காய்ச்சல் தென்மேற்குப் பருவமழையின்போது உச்சம் பெறுவதால் ஏப்ரல், மே மாதங்கள் ஏற்றவை. வடகிழக்குப் பருவமழையின்போது உச்சம் காணும் சென்னையிலும், குளிர்காலத்தில் உச்சம் காணும் காஷ்மீரிலும் அதற்கு முன்னதாகப் போட்டுக்கொள்வது பொருந்தும். மூக்கில் தெளிக்கும் வகை உயிருள்ள வைரஸைக் கொண்டது. அது இவர்களுக்கு ஏற்றதல்ல.

நிமோகாக்கல்: நிமோனியா, மூளை உறை அழற்சி ஆகியவற்றை உண்டாக்கும் பாக்டீரியாவுக்கு எதிரானது. 13 வகைகளுக்கான கான்ஜுகேட் தடுப்பூசி முதலிலும், குறைந்தது 8 வாரங்கள் கழித்து 23 வகைகளுக்கானதும் போடப்படும். எதிர்ப்பாற்றல் குறைக்கும் மருந்து உட்கொள்வோர் 65 வயது வரை காத்திருக்க வேண்டியதில்லை.

அக்கி: சின்னம்மை வந்து தணிந்த பின் நரம்புகளில் உறங்கும் வைரஸ், எதிர்ப்பாற்றல் தளரும்போது அக்கியாக எழுகிறது. டோஃபாசிட்டினிப் வகை மாத்திரைகள் இந்த ஆபத்தைக் குறிப்பாக உயர்த்துகின்றன. உயிருள்ள வைரஸ் இல்லாத அக்கித் தடுப்பூசி இந்தியாவில் 2023-இல் 50 வயதைக் கடந்தோருக்காக அறிமுகமானது. வழக்கமாக 2 முதல் 6 மாத இடைவெளியில் இரு தவணைகள் போடப்படும்.

ஹெபடைடிஸ் பி: உயிரியல் மருந்துகளைத் தொடங்கும் முன் இத்தொற்று உள்ளதா என்று பரிசோதிப்பது கட்டாயம். மறைந்திருக்கும் வைரஸ், ரிட்டுக்சிமாப் போன்ற மருந்துகளால் விழித்தெழுந்து கல்லீரலைச் சிதைக்கக்கூடும். தொற்று இல்லாதவர்கள் 3 தவணைத் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்.

கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி இளம் பெண்களுக்குப் பொருந்தும். எதிர்ப்பாற்றல் குறைந்தோருக்கு இது 3 தவணைகளாகப் போடப்படும்.

அரசின் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் முதன்மையாகக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் உரியது. பெரியவர்களுக்கான நிமோனியா, அக்கித் தடுப்பூசிகளுக்குப் பெரும்பாலும் சொந்தப் பணமே செலவாகிறது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்க இயலாதவர்கள், தமக்கு முதலில் தேவையானது எது என்பதை வயது, மருந்து, நுரையீரல் நிலை ஆகியவற்றைக் கொண்டு மருத்துவரிடம் முடிவு செய்துகொள்ளலாம்.

நாய்க்கடி: காத்திருக்கக் கூடாது

மேற்கண்ட நாள் கணக்குகள் எவையும் நாய்க்கடிக்குப் பொருந்தா. ரேபிஸ் நோய் அறிகுறி தோன்றிய பின் காப்பாற்ற இயலாதது. ரேபிஸ் தடுப்பூசி உயிரற்றது. எந்த மருந்தை உட்கொண்டாலும் கடிபட்ட அன்றே தொடங்க வேண்டும்.

காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடங்கள் கழுவுவது முதல் சிகிச்சை. வழக்கமாக, தோல் கிழிந்து இரத்தம் வந்த கடிகளுக்கே தடுப்பூசியுடன் ரேபிஸ் இம்யூனோகுளோபுலினும் காயத்தில் செலுத்தப்படும். எதிர்ப்பாற்றல் குறைந்தோருக்கு இரத்தம் வராத சிறு கீறலுக்கும் அது தேவை. தடுப்பூசியும் முழுத் தவணைகளாகப் போடப்பட வேண்டும். முடக்குவாத மருந்து உட்கொள்வதை மருத்துவமனையில் தாமாகச் சொன்னால்தான் இந்தக் கூடுதல் பாதுகாப்பு கிடைக்கும். ரிட்டுக்சிமாப் பெற்று 6 மாதம் நிறைவடையாதவர்கள், அழுக்குப் படிந்த காயம் பட்டால் டெட்டனஸ் இம்யூனோகுளோபுலின் தேவையா என்றும் கேட்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியவை

சின்னம்மை, தட்டம்மை–பொன்னுக்கு வீங்கி–ரூபெல்லா கூட்டுத் தடுப்பூசி, மஞ்சள் காய்ச்சல், வாய்வழி போலியோ சொட்டு மருந்து, பி.சி.ஜி. ஆகியவை உயிருள்ளவை. இவற்றில் ஏதேனும் இன்றியமையாதது என்றால் மெத்தோட்ரெக்சேட்டை 4 வாரங்கள் முன்பே நிறுத்தி, போட்ட பின்னும் 4 வாரங்கள் காத்திருக்க வேண்டும். ரிட்டுக்சிமாப் என்றால் குறைந்தது 6 மாதங்கள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். இதை மருத்துவர் மேற்பார்வையின்றிச் செய்யக் கூடாது.

சில நோய்களுக்கு இருவகைத் தடுப்பூசிகளும் சந்தையில் உள்ளன. டைபாய்டுக்கு வாய்வழி மருந்து உயிருள்ளது; கான்ஜுகேட் ஊசி உயிரற்றது. ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசியும் இரு வகையிலும் கிடைக்கிறது. ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்கு அசாம், மேற்கு வங்கம், உத்தரப் பிரதேசம் ஆகியவற்றின் பாதிப்பு மிகுந்த மாவட்டங்களில் பெரியவர்களுக்கும் உயிருள்ள தடுப்பூசி போடப்பட்டுள்ளது. ஐதராபாத்தில் தயாராகும் செயலிழந்த வைரஸ் தடுப்பூசி இதற்கு மாற்று. காசநோய் ஒழிப்பு முயற்சியின் பகுதியாக 2024-இல் பல மாநிலங்களில் 60 வயதைக் கடந்தோர் உள்ளிட்ட பெரியவர்களுக்கு பி.சி.ஜி. போடும் பணி தொடங்கியது. வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளரிடம் தமது மருந்துகளைச் சொல்லிவிடுவது முடக்குவாதம் உள்ள முதியோரின் பொறுப்பு.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கோரும் ஆப்பிரிக்க, தென் அமெரிக்க நாடுகளுக்குச் செல்வோர், அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் மருத்துவ விலக்குச் சான்றிதழ் பெற வழியுண்டு. எனினும் சான்றிதழ் நோயைத் தடுக்காது; பயணம் தேவைதானா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தாயின் மருந்தும் பிறந்த குழந்தையும்

இந்தியாவில் குழந்தை பிறந்த உடனேயே மருத்துவமனையில் பி.சி.ஜி. ஊசியும் போலியோ சொட்டு மருந்தும் தரப்படுகின்றன. கர்ப்பத்தின் பிற்பகுதியில் இன்ஃப்ளிக்சிமாப், அடாலிமுமாப் போன்றவற்றைத் தாய் பெற்றிருந்தால், அவை நஞ்சுக்கொடி வழியே குழந்தையை அடைந்து பல மாதங்கள் உடலில் தங்கும். கர்ப்ப காலத்தில் குடல் நோய்க்காக இன்ஃப்ளிக்சிமாப் பெற்ற ஒரு தாயின் குழந்தை, 3 மாத வயதில் பி.சி.ஜி. போட்ட பின் அக்கிருமி உடலெங்கும் பரவி உயிரிழந்தது பிரிட்டனிலிருந்து 2010-இல் மருத்துவ இதழில் பதிவானது.

இத்தகைய குழந்தைகளுக்கு முதல் 6 மாதங்கள் உயிருள்ள தடுப்பூசிகளைத் தவிர்க்குமாறு ஐரோப்பிய ருமட்டாலஜி அமைப்பான யூலார் 2019-இல் பரிந்துரைத்தது. இன்ஃப்ளிக்சிமாப் என்றால் 12 மாதங்கள் காத்திருக்குமாறு ஐரோப்பிய மருந்து முகமை பின்னர் அறிவுறுத்தியது. 6 வார வயதில் தொடங்கும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்தும் உயிருள்ளதே. அதைப் பற்றிய முடிவைக் குழந்தை நல மருத்துவரே எடுக்க வேண்டும். ஐந்து நோய்களுக்கான பென்டாவேலன்ட் போன்ற உயிரற்ற ஊசிகளை உரிய நாளில் போட்டாக வேண்டும். தாய் பெற்ற மருந்தின் பெயரும் கடைசித் தவணையின் தேதியும் பேறுகாலக் குறிப்பேட்டில் எழுதப்பட்டிருந்தால், பிரசவ அறையின் பரபரப்பில் இது விடுபடாது.

வீட்டில் உள்ளோர்

நோயாளிக்குப் போட இயலாத பாதுகாப்பை அவரைச் சூழ்ந்திருப்போர் அளிக்கலாம். குடும்பத்தினர் இன்ஃபுளூயன்சா, கொரோனா தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்வதும், பிள்ளைகளுக்குத் தட்டம்மை, சின்னம்மை ஊசிகளைப் போடுவதும் பாதுகாப்பானவையே. சின்னம்மை ஊசிக்குப் பின் குழந்தையின் உடலில் கொப்புளம் தோன்றினால் அது மறையும் வரை நோயாளி விலகியிருப்பது நல்லது.

வாய்வழி போலியோ சொட்டு மருந்தும் ரோட்டா சொட்டு மருந்தும் குழந்தையின் மலத்தில் சில வாரங்கள் வெளியேறும். கடும் எதிர்ப்பாற்றல் குறைவு உள்ள தாத்தா, பாட்டிகள் அக்காலத்தில் பேரக் குழந்தைகளின் மலத்துணியை மாற்றும் பணியைப் பிறரிடம் விட்டுவிடலாம். இயலாதபோது சோப்பிட்டு நன்கு கைகழுவுவது அவசியம். இதற்காகக் குழந்தையின் சொட்டு மருந்தை நிறுத்தக் கூடாது.

ஏற்ற தருணம்: மருந்து தொடங்கும் முன்

தடுப்பூசிக்கு மிகச் சிறந்த நேரம், எதிர்ப்பாற்றல் குறைக்கும் சிகிச்சை தொடங்கும் முன்புள்ள நாள்களே. அப்போது பலன் முழுமையாகக் கிடைக்கும். சின்னம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசியையும் 4 வாரங்கள் முன்னதாகப் போட்டுக்கொள்ள இயலும். உயிரியல் மருந்துக்கு முன் காசநோய், ஹெபடைடிஸ் பரிசோதனைகள் எப்படியும் செய்யப்படுகின்றன. தடுப்பூசிகளைப் பற்றிக் கேட்க அதுவே உகந்த நாள். எனினும் தடுப்பூசிக்காகச் சிகிச்சையைத் தாமதிக்கக் கூடாது. கட்டுப்படாத அழற்சி சில மாதங்களிலேயே மூட்டுகளை மீளாதவாறு சிதைத்துவிடும்.

தடுப்பூசி மையத்துக்குச் செல்லும்போது மருந்துச்சீட்டை எடுத்துச் செல்வது, ஊசியாக எடுக்கும் மருந்தின் கடைசித் தேதியைக் குறித்துவைத்திருப்பது, போடப்படவுள்ள தடுப்பூசி உயிருள்ளதா என்று கேட்பது ஆகிய மூன்றும் பெரும்பாலான தவறுகளைத் தடுக்கும். தடுப்பூசி போட்டாயிற்று என்பதற்காகக் காய்ச்சலை அலட்சியம் செய்வதும் கூடாது. குறிப்பாக டோசிலிசுமாப் பெறுவோருக்குக் கடும் தொற்றிலும் காய்ச்சல் மட்டுப்பட்டே தெரியலாம். மூச்சுத்திணறலோ மிகுந்த சோர்வோ கண்டால் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.